வில்லனுக்கு அத்தான் முகம்

வாரப் பத்திரிகையின் படக்கதைகளுக்குக் கலர் கொடுத்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. படம் வரைபவர் அவளுடைய அக்கா கணவர். அவர் வெறும் கோடாக அனுப்பும் பக்கங்களில் மழையை நனைய வைத்ததும் பேயை நடுங்க வைத்ததும் இவள் பிரஷ்தான். இருட்டுக்குக் கறுப்பைத் தொடவே மாட்டாள். ஊதாவில் கொஞ்சம் பச்சை கலப்பாள். பக்கத்தைப் புரட்டும் பிள்ளைகளுக்கு முதுகு சில்லிடும்.

அத்தானுக்குப் பாராட்டு விழா நடந்தது. "கலர் யாரு சார் பண்றாங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதுவா? என் மச்சினி ஒருத்தி வீட்ல சும்மா இருக்கா. கோடு தாண்டாம பூசத் தெரிஞ்சா போதாதா!"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவளும் கைதட்டினாள். 'கோடு தாண்ட மாட்டேன் அத்தான். உள்ளேயே வச்சு செய்றேன்' என்று கறுவிக்கொண்டாள்.

கதையில் விஷம் காய்ச்சும் வில்லன் ஒருவன் உண்டு. விஷக்காரன் என்று பெயர். அத்தான் அவனுக்கு ஏனோதானோவென்று ஒரு முகம் போட்டு அனுப்புவார். அவள் அவசரப்படவில்லை. ஓர் இதழில் அவன் சட்டை, அத்தான் ஆசையாகப் போடும் கடுகு மஞ்சளானது. பிறகு காதோரத்தில் மட்டும் நரை ஏறியது. கண்ணுக்கடியில் அத்தானின் கருவளையம் வந்தது. கன்னத்தில் அவருடைய தேன்நிறத் தழும்பும் வந்து உட்கார்ந்தது. துளித்துளியாக ஏற்றியதால் அச்சகத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அத்தானோ அச்சான புத்தகத்தில் தன் பெயரைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

புத்தகக் கண்காட்சியில் வெடித்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்து ஒரு சிறுமி, "அம்மா, விஷக்காரன்!" என்று அலறினாள். வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து முடிவெட்டும் கடைவரை அந்தப் பெயர்தான்.

அத்தான் நேரே இவள் வீட்டுக்கு வந்து குதித்தார். "என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"கோடு உங்களுதுதானே அத்தான்? நான் சும்மா பூசினேன்."

"மாத்துடி!"

"ஆசிரியர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

போனார். ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். "அவனாலதான் சார் புத்தகமே ஓடுது. சட்டை பட்டனைக்கூட மாத்தாதீங்க!" அடுத்த இதழிலிருந்து வில்லன் அட்டைக்கே வந்துவிட்டான். வாராவாரம் தன்னையே உதைபட வைத்து வரைவது அத்தானின் பிழைப்பானது.

பிறகு அக்கா வந்தாள். புருஷனுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று தங்கை முகத்தை இறுக்கிக்கொண்டாள். அக்கா மேசையில் காயாமல் கிடந்த பக்கத்தைக் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து நாலு பேர் முன்னாடி என்னையும் இப்படித்தான் பேசுறாரு," என்றாள். "கோபம் வந்தா மூக்கு நுனி இன்னும் சிவக்கும்டி. நீ சரியா கவனிக்கல."

தங்கை சிவப்புப் புட்டியைத் திறந்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அத்தான் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தங்கையும் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள். இப்போது கம்ப்யூட்டரில் கலர் போடும் பிள்ளைகள் வேறு எதை மாற்றினாலும் விஷக்காரன் முகத்தில் மட்டும் கைவைப்பதில்லை. வாசகர்கள் விடமாட்டார்களாம்.