எடுத்தாச்சு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்பவர்கள் ராத்திரி ஷிஃப்ட் பார்க்காதவர்கள். எங்களுக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்துவிட்டுத் தூங்குவோம். இது நடந்ததும் வெயில் கொளுத்திய ஒரு பகலில்தான். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். நானே இதை நம்பாமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டவன்.

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. மாவு பிசையும் மெஷினின் தொட்டி ஒரு ஆள் குனிந்தால் மறைந்துபோகும் அளவுக்குப் பெரியது. உள்ளே இரும்புக் கொக்கி சுற்றும். ஸ்விட்சைப் போடும் முன்னால் ஆபரேட்டர் "கை?" என்று கத்த வேண்டும். தொட்டியைச் சுரண்டுகிறவன் "எடுத்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஸ்விட்ச். ரொட்டி வெட்டும் இடத்திலும் பேக்கிங்கிலும் இதே பேச்சுதான். சொல்லிச் சொல்லி வாய்க்கு மூளையின் தயவே தேவைப்படாது. கேன்டீனில் எவனாவது விளையாட்டுக்கு "கை?" என்றால், டீயை உறிஞ்சிக்கொண்டே பத்துப் பேர் "எடுத்தாச்சு" என்போம். சிரித்துக்கொள்வோம்.

மைனா செத்த பிறகு யாரும் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

ஓயாமல் பேசுவான், அதனால் மைனா. அன்று தொட்டிக்குள் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தான். ஆபரேட்டர் பெரியவர் "கை?" என்றார். "எடுத்தாச்சு" என்று பதில் வந்தது. ஸ்விட்சைப் போட்டார்.

பதில் சொன்னது மைனா இல்லை.

யார் என்று கடைசிவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரைச்சலில் குரல் பிடிபடவில்லை என்றார் பெரியவர். மைனாவின் அக்கா அப்போது பக்கத்துப் பேக்கிங் மெஷினில் நின்றிருந்தாள். அவள் கண்ணெதிரில்தான் எல்லாம் நடந்தது. அவள் வீட்டு மாடியறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அவசரப்படுத்துவதற்காக ஃபோர்மேன்தான் குரல் கொடுத்திருப்பான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சொன்னாள்.

"அவனை எழுப்பப் போறேன்."

"யாரைக்கா?"

"என் தம்பியை. பதில் சொன்னது யார்னு அவனுக்குத் தெரியும். அவனே வந்து பாத்துக்கட்டும்."

"செத்தவன் எப்படிக்கா வருவான்?"

"படிப்பைப் பாதில விட்டவனுக்கு எல்லாத்தையும் பாடம் எடுக்க முடியாது. வா, காட்டுறேன்."

சமையலறையில் ஒரு சட்டி. உள்ளே பிசைந்த மாவு. அன்று தொட்டியிலிருந்து வழித்துக் கொட்டிய மாவில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறாள். தினமும் கொஞ்சம் புது மாவும் தண்ணீரும் சேர்த்து அதைச் சாகவிடாமல் வளர்த்திருக்கிறாள்.

"எழுப்பினா செத்தவங்க விலை கேப்பாங்களாம். என்னத்த வேணா கேக்கட்டும், குடுப்பேன். அந்த ஃபோர்மேன் துடிச்சுச் சாகணும், அவ்வளவுதான்." என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு என்ன சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்காதே."

கிறுக்குப் பிடித்துவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்ப் படுத்தேன்.

விழித்தபோது மணி பதினொன்று நாற்பது. கீழிருந்து ஒரு சத்தம்.

பொளக்... பொளக்...

மாவு புளித்துக் குமிழி விடும் சத்தம். ஒரு சட்டி மாவு அவ்வளவு சத்தம் போடாது. தொட்டி நிறைய மாவு வேண்டும். புளிப்பு வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

கதவைத் திறந்து பார்த்தேன். மாடிப்படியில் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது. மாவு. குனிந்து பார்த்தேன்.

உள்ளங்கைத் தடங்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்று. தவழ்ந்து ஏறி வருவதுபோல.

எல்லாமே இடது கை.

மைனாவுக்குக் கொக்கி பறித்தது வலது கையை.

நான் பார்க்கும்போதே அடுத்த படியில் ஒரு தடம் விழுந்தது. ஆள் இல்லை. தடம் மட்டும்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

வெளியே... உரசும் சத்தம். நின்றது.

"கை?"

மைனாவின் குரல். தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல.

என் வாய் திறந்துவிட்டது. சத்தியமாக நான் திறக்கவில்லை. "எடு" வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது.



உரசல் கீழே இறங்கியது. படி படியாக.

"கை?"

இப்போது கீழ் அறையில்.

அக்காவின் குரல் கேட்டது. வேலையில் சொல்வாளே, அதே தட்டையான குரலில்.

"எடுத்தாச்சு."

டக்.

ஸ்விட்ச்.

வீட்டில் மெஷின் ஏது...

ஒரே ஒரு சுற்று சுற்றிய இரைச்சல். நின்றுவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து தன் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மாவைக் கிள்ளியெடுத்த இடம்போல மொழுமொழுவென்று மூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு என்மேல் எரிந்து விழுந்தார். "இது பல வருஷத்துப் பழைய காயம். எதுக்கு அவசரம்னு தூக்கிட்டு வந்தீங்க?" முந்தின ராத்திரிகூட அந்தக் கையால்தான் ரொட்டியைப் பையில் போட்டாள். அதைச் சொன்னேன். என் வாயை முகர்ந்து பார்த்தார்.

பெரியவர் பார்க்க வந்தார். வார்டுக்குள் போகவில்லை. வராந்தாவில் என்னை ஓரமாக இழுத்தார்.

"அன்னிக்குப் பதில் சொன்னது யார்னு எனக்குத் தெரியும்டா."

"ஃபோர்மேனா?"

"அவன் அப்போ கக்கூஸ்ல இருந்தான். வந்தது பொம்பளைக் குரல். அந்த ஷிஃப்ட்ல எத்தனை பொம்பளைங்க, நீயே சொல்லு. அவ தன் மெஷினைப் பாத்துக்கிட்டே, திரும்பாமலே சொன்னா. சொன்னது அவளுக்கே தெரியாது. பெத்தவ மாதிரி வளத்தவகிட்ட இதை எந்த வாயால சொல்ல?"

உள்ளே போனேன். அக்கா சிரித்த முகமாக இருந்தாள்.

"விலையை வாங்கிட்டான், பாத்தியா? இனி அந்த ஃபோர்மேன் தப்ப முடியாது."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆனா பேரைச் சொல்லலைடா. யாருடா, யாருடான்னு கேட்டுட்டே இருந்தேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அவ்வளவு நேரம் அவன் பேசாம நின்னு நான் பாத்ததே இல்லை." போர்வையைச் சரிசெய்யச் சொல்லி இடது கையை நீட்டினாள். "பரவாயில்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடி கூப்பிடுறேன். குடுக்க இன்னும் ஒண்ணு இருக்கே."