சுவரைப் பார்த்து நின்ற வீடு

வீட்டு வாசல் கேற்றுக்குப் பச்சை எனாமல் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் இங்கே இல்லை. கல்பிட்டியில், குறிஞ்சிப்பிட்டித் தெருவோரம், தகரக் கூரை போட்ட ஓர் அறைக்குள் நிற்கிறேன்.

போகிற ஊரிலெல்லாம் கடலைப் பார்க்கும் முன்பே படம் மாட்டிய சுவரைத் தேடுகிறவள் நான். கல்பிட்டிக்கு எல்லோரும் காற்றுக்கும் டொல்பினுக்கும் வருவார்கள். நான் ‘ஓவியக்கூடம்’ என்று மும்மொழியிலும் எழுதிய பலகையைக் கண்டு ஓட்டோவை நிறுத்தினேன். வள்ளங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றில் வரைகிறவள் அந்த வீட்டு மகள். சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபின் முன்னறையையே கூடமாக்கியிருந்தாள்.

உள்ளே போனால் படங்களெல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. முதுகுகள், சட்டமும் ஆணியும் துணியின் பின்புறமும்.

“அஸருக்கு பாங்கு சொல்லியாச்சு அக்கா. பத்து நிமிசம் இரிங்க,” என்றாள் மகள். பின்னேரத் தொழுகை.

உயிருள்ளவை வரைந்த படம் கண்முன்னே இருக்க அவளுடைய உம்மா தொழமாட்டாராம். காகம், ஆடு, வலை இழுக்கிறவர், எல்லாம் ஐந்து வேளையும் திரும்பி நிற்க வேண்டும். கதிரையைக் காட்டிவிட்டு அவள் பிளேன்டீ ஊற்றப் போனாள்.

உம்மா வெள்ளை உடுப்போடு வந்து, எனக்கு ஒரு சிரிப்பைத் தந்து, பாயை விரித்துத் தொழத் தொடங்கினார். எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருந்த ஒரு படத்தை மெல்லத் திருப்பினேன். ஆடுமில்லை, ஆளுமில்லை. நீலக் கதவு போட்ட வீடு, இரண்டு படி, கிணற்றடியில் கவிழ்த்த வாளி. இதை ஏன் திருப்பினார்கள்? பார்த்தபடியே இருந்துவிட்டேன்.

தொழுகை நீண்டது. நிமிர்ந்தவர் நின்றபடியே நின்றார்.

தேநீரோடு வந்த மகள் படத்தைக் கண்டு வாசலிலேயே நின்றாள். பிறகு என் காதோடு சொன்னாள். அது மன்னாரில் அவர்கள் விட்டுவந்த வீடு. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட அவளுக்கு ஆறு வயது. கதவின் நீலமும் வாளியும் உம்மா சொல்லச் சொல்ல வரைந்தவை. சண்டைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் பற்றைக்குள் அந்த இரண்டு படிதான் மிச்சம். படம் கண்ணில் பட்டால் உம்மாவுக்கு தொழுகையில் எத்தனையாவது ரக்அத், எத்தனையாவது சுற்று என்று கணக்குப் பிசகிவிடும். அதை வைத்துத் தொழவும் முடியாது, கேட்டு வந்த எவருக்கும் கொடுக்கவும் மனமில்லை.

மறதிக்கென்று இரண்டு தடவை கூடுதலாக நெற்றியைத் தரையில் வைத்துத்தான் உம்மா முடித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“மூண்டா நாலா எண்டு தெரியல்ல மகள். நான் கிணத்தடியில நிண்டுட்டன்,” என்று சிரித்தார்.

பாயில் இருந்தபடியே படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, நான் தொழுகிற ஆளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அப்ப நீங்க கொண்டு போங்க.”

மகள் ஏதோ சொல்லப் போனாள். உம்மா கையைக் காட்டினார்.

“இருந்த வீட்ட சுவரப் பாக்க வச்சு வச்சு எனக்கு வெக்கமா இரிக்கி. தொழுகையயும் விடேலாதே.”

மகள் தன் முந்தானையால் சட்டத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். உரப்பையில் சுற்றி என் மடியில் வைத்தாள். ஓட்டோ புறப்படும்போது உம்மா வேலியோரம் வந்து நின்றார்.

“வாசலப் பாக்க மாட்டுங்க மகள். ஆக்கள் வாறதப் பாத்துப் பழகின வீடு.”