ஆறாவது டப்பா

இதில் வருகிற பெண் உயிரோடு இருக்கிறாள். அதே வேலையில்தான் இருக்கிறாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கட்டடத்து வாசலில் போய் நின்றால், சாவிக்கொத்தோடு அவள் படி இறங்கிப் போவதைப் பார்க்கலாம். முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. பேய்க்கதை என்றதும் யாரோ யாருக்கோ சொன்னது என்று தள்ளிவிடுவார்கள். இது அவள் என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. நேரங்களெல்லாம் அவள் அன்றன்றே பென்சிலால் குறித்து வைத்தவை. நான் ஒரு விநாடி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்னொன்று. இது நள்ளிரவில் நடக்கவில்லை. பட்டப்பகலில், வேலை நேரத்தில் நடந்தது.

பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கிற ஆவணக் காப்பகம் அது. மூன்று மாடி. அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஒரு தளம். அங்கேதான் அவளுடைய மேசை. சூடு பட்டால் சுருள் கெட்டுவிடும் என்பதால் எப்போதும் குளிர். ஜன்னல் கிடையாது. சுருளைத் துடைத்து, ஸ்கேனரில் ஏற்றி, கணினிக்கு மாற்றி, கடைசியாகப் பெரிய திரையில் ஒருமுறை ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரே ஆள் செய்கிற வேலை. பதினான்கு வருடமாக அவள்தான் அந்த ஆள். மேலே இருப்பவர்களுக்கு அவள் பெயரே மறந்துபோயிருந்தது. "கீழ்த்தளம் வந்தாச்சா?" "கீழ்த்தளத்தைக் கேளுங்க" என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டதிலேயே வருடங்கள் ஓடிவிட்டன. இரண்டு வருடத்துக்கு முன் அவரும் போய்விட்டார். அவர் உயிர் பிரிந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இல்லை. மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இருபதே நிமிடம்தான். அதற்குப் பிறகு வீட்டில் தன்னிடம் குரல் கொடுப்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆறு டப்பாக்கள் வந்தன. மூடப்பட்ட ஒரு ராணுவ அலுவலகத்திலிருந்து வந்தவை. துருப்பிடித்த தகர டப்பாக்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம். பாலைவனத்தில் ஒரு கோபுரத்தின் மேல் அணுகுண்டை வைத்து, அதிகாலை ஐந்து மணிக்கு வெடித்துப் பார்த்த சோதனை. ஆறு கேமராக்கள், ஆறு சுருள்கள். ஒலி கிடையாது. வெள்ளிக்குள் முடித்துத் தரவேண்டும்.

முதல் டப்பாவின் மூடியில் 15 என்று எழுதியிருந்தது. என்ன எண் என்று அவளுக்குப் புரியவில்லை.

மதியம் 2:10. விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். முதலில் ஒரு கை, கரும்பலகை ஒன்றைக் கேமரா முன் காட்டியது. சாக்பீஸால் 4:05 என்று நேரம் எழுதியிருந்தது. கை விலகியது. படம் ஒரு வெட்டு வெட்டியது. பிறகு இருட்டு மணல்வெளி. வெகுதூரத்தில் ஊசி மாதிரி கோபுரம்.

அப்புறம் வெளிச்சம்.

வெடித்தது என்று அவள் சொல்லவில்லை. விடிந்தது என்றாள். ஒரே நொடியில், எல்லாப் பக்கமும். ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் முளைத்தது. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு ஊதாவாகி, ஒரு பெரிய உருண்டை தன்னைத்தானே புரட்டிக்கொண்டு மேலே ஏறியது. அவசரமே இல்லாமல் ஏறியது. அழகாக இருந்ததாம். அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்ததாம். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போதுதான் அது கேட்டது.

டொம்...

எங்கோ இரண்டு மாடி தாண்டி ஒரு கனமான கதவைச் சாத்தினமாதிரி. மேசையில் இருந்த தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

மேலே யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சரிபார்க்க மறுபடி ஓட்டினாள். மறுபடியும் டொம். மூன்றாம் முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். வெளிச்சம் வந்து சரியாக நாற்பத்தைந்து விநாடி. குறித்து வைத்தாள்.

செவ்வாய், 2:25. இரண்டாவது டப்பா. பலகையில் 4:17. இந்தத் தடவை கையோடு ஒரு தோளும் தெரிந்தது. வெளிச்சம் வந்து முப்பத்து மூன்றாவது விநாடியில் சத்தம். நேற்றைவிடப் பலம். மேசையில் இருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

வெளிச்சம் வந்து முப்பத்து மூன்று விநாடி கழித்துச் சத்தம் வருமா என்று அன்று மாலை மாடியில் பதிவேட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். வருகிற சுருள், போகிற சுருளையெல்லாம் பதிகிறவர் அவர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவளிடம் நின்று பேசுகிற ஒரே மனிதர்.

"மின்னல் வெட்டுதும்மா. இடி எப்ப வரும்?"

"கொஞ்சம் பொறுத்து."

"அந்தக் கொஞ்சத்தை எண்ணி மூணால வகுத்துடுங்க. அத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்குன்னு அர்த்தம். முப்பத்து மூணுன்னா பதினொண்ணு." சொல்லிவிட்டு, கீழ்த்தளத்தில் மழை பெய்கிறதா என்று சிரித்தார்.

அவள் சிரிக்காமல் கீழே ஓடினாள். இரண்டாவது டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள்.

11.

மூன்றாவது மூடியில் 8. நான்காவதில் 5. ஐந்தாவதில் 2. ஒவ்வொரு கேமராவும் கோபுரத்துக்கு இன்னும் கிட்டே. ஆறாவது மூடியில் எண்ணே இல்லை.

புதன்கிழமை இரண்டு சுருள். 11:40க்கு ஓட்டியதில் இருபத்து நாலு விநாடி. 3:05க்கு ஓட்டியதில் பதினைந்து. சத்தம் மாடியிலிருந்து வரவில்லை. நடைவழியிலிருந்து வந்தது. கதவின் கைப்பிடி கடகடவென்று ஆடியது. ஓடிப்போய்த் திறந்து பார்த்தாள். நடைவழியில் யாருமில்லை. ஆனால் முகத்தில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. அந்தத் தளத்தில் வெதுவெதுப்பான காற்று வந்ததே கிடையாது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். 

பலகைக்காரனுக்காக.

அப்படித்தான் அவனுக்குப் பேர் வைத்திருந்தாள். முதல் சுருளில் வெறும் கை. அடுத்ததில் தோள். மூன்றாவதில் பாதி முகம். நான்காவதில் முழு முகம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒட்டி வெட்டிய முடி. இருட்டில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு கேமராவாகப் போய்ப் பலகை காட்டுகிறான். கேமராவைச் சோதித்து நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போகிறான். வெடிக்கிற நேரத்தில் அது கம்பி வழியாகத் தானே ஓடும். அவனோடு ஒருவரும் இல்லை. காலையில் படி இறங்கும்போது, இன்றைக்கும் அவன் வருவான் என்று நினைத்துக்கொள்வாளாம். ஒருவர் வருவதற்காகக் காத்திருந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது அவளுக்கு.

வியாழன், 10:50. ஐந்தாவது சுருள். பலகையில் 4:51.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேமராவுக்கும் கோபுரத்துக்கும் இரண்டு கிலோமீட்டர். வெடிக்க ஒன்பது நிமிடம். இவன் இன்னும் உள்ளே போகிறான்.

இந்தத் தடவை அவன் உடனே விலகவில்லை. கேமராவுக்குள் பார்த்தான். வலது உள்ளங்கையை எடுத்துத் தன் கண்களை மூடிக்காட்டினான். பிறகு விரலை நீட்டினான்.

அவளைப் பார்த்து.

ஆறு விநாடி. கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது.

அவள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் பதிவேட்டுக்காரர் படித்தார். சிரிப்பு போய்விட்டது. சுருள் கெட்டுப்போயிருந்தது, ஓட்ட முடியவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம், தானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கடைசி டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்று கெஞ்சாத குறை.

"அவன் வெளியே வந்தானான்னு தெரியணும்" என்றாள்.

"அறுபது வருஷத்துக்கு முன்னால நடந்ததும்மா. நீங்க பார்த்து என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் கூடவா இருக்கக் கூடாது?"

 தானும் கூட வந்து உட்காருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

வெள்ளி. 3:40.

கதவை உள்ளே தாழிட்டாள். விளக்கை அணைத்தாள். படத்தை ஓடவிட்டாள்.

பலகை. 4:58.

கோபுரம் ஊசி மாதிரி இல்லை. திரையை நிறைத்துக்கொண்டு நின்றது. அதன் இரும்புச் சட்டங்களை எண்ணலாம்போல இருந்தது.

அவன் பலகையை இறக்கினான். ஓடவில்லை. ஓடி எங்கே போவது? இரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போக முடியும்? அது அவனுக்கும் தெரிந்திருந்தது. பலகையைக் கீழே வைத்தான். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

எழுந்திரு, எழுந்திரு என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். தன் குரல் அந்த அறையில் கேட்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

படம் வெட்டியது.

மணல் இருந்தது. கோபுரம் இருந்தது.

அவன் இல்லை.

போய்விட்டான்... எப்படியோ தப்பித்துவிட்டான்... அவளுக்கு மூச்சு வந்தது.

சரக்...

நாற்காலிக்குப் பின்னால்.

சரக்... சரக்...

சிமெண்டுத் தரையில் மணல் மிதிபடுகிற சத்தம்.

கதவு தாழிட்டபடி இருந்தது. அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. சாக்பீஸ் வாசனை வந்தது.

மணி 3:46.

அவன் காட்டியது நினைவுக்கு வந்தது. வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கையின் மேல்...

இன்னொரு கை படிந்தது.

பெரிய கை. வறண்ட கை. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அழுத்தவில்லை. குழந்தையின் கண்ணைப் பொத்துகிறமாதிரி மெதுவாக மூடியது.

வெளிச்சம்.

கண் மூடியிருந்தது. கை மூடியிருந்தது. அதன்மேல் இன்னொரு கையும். ஆனாலும் தெரிந்தது.

சிவப்பு.

சிவப்புக்கு நடுவில் எலும்புகள். அவளுடைய விரல் எலும்புகள்.

அவற்றின் மேல்... வேறொருவருடைய எலும்புகள்.

ஒன்று எண்ணினாள்.

இரண்டு.

மூன்று.

சத்தம் வரவில்லை.

பத்துவரை எண்ணினாள். நூறுவரை எண்ணினாள். சத்தம் வரவே இல்லை.

பிறகு அந்தக் கை விலகியது.

கண்ணைத் திறந்தபோது படம் முடிந்து திரை வெறுமையாக இருந்தது. மணி 3:52. தம்ளரில் தண்ணீர் அசையவில்லை. தரையில் ஒரு பொடி மணல்கூட இல்லை. கதவு தாழிட்டபடியே இருந்தது. அவள் படியேறி மேலே வந்தாள். பதிவேட்டுக்காரர் வாசல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு விளக்குகூட மினுங்கவில்லை என்றார். தம் டீயை எடுத்து அவளிடம் கொடுத்தார். அன்றைக்கு அவர்தான் அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டார்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே கீழே போய் ஆறு சுருள்களையும் மறுபடி ஓட்டினார்கள். பலகை இல்லை. கை இல்லை. முகம் இல்லை. எல்லாம் மணல்வெளியில்தான் தொடங்கின. சத்தமும் இல்லை. பதிவேட்டுக்காரர் விடாமல், ராணுவத் தலைமையகத்துக்கே எழுதிக் கேட்டார். மூன்று வரியில் பதில் வந்தது. கேமராக்களை முந்தின நாளே பொருத்திவிட்டார்கள். அன்று அதிகாலை பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒருவரையும் விடவில்லை. அந்தச் சோதனையில் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

அவள்தான் சோர்ந்துபோய் உறங்கிவிட்டாள், கனவு கண்டாள் என்று நானும் நினைத்திருப்பேன். அவளேகூடக் கொஞ்சம் கொஞ்சமாக அப்படி நம்ப ஆரம்பித்திருந்தாள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை 11:20க்கு, காப்பகத்தின் புகைப்படக்காரர் கோபமாகக் கீழே வந்தார். பழைய ஆவணங்களைப் பெரிய கேமராவில் படம் எடுக்கிறவர் அவர். இன்னும் பயன்படுத்தாத பிலிம் தாள்களைக் குளிர்ச்சிக்காக அவள் அறை அலமாரியில் வைத்திருந்தாராம். அவள் நாற்காலிக்கு நேர் பின்னால். அவளுக்கே அது தெரியாது. இருபத்தைந்து தாள் கொண்ட பெட்டி. கம்பெனி ஒட்டிய நாடா பிரியாமல் இருந்தது. முந்தின நாள்தான் இருட்டறையில் அவரே பிரித்திருக்கிறார். எடுத்த படம் ஒன்றும் வரவில்லையே என்று, கேமராவில் போடாத மீதித் தாள்களையும் கழுவிப் பார்த்திருக்கிறார்.

"பெட்டி பக்கத்துல எதை வச்சீங்க? எல்லாம் பாழ்."

செய்தித்தாள் அளவுக்கு இருந்த ஒரு தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் வெளுப்பாக, மங்கலாக ஒரு மண்டை ஓடு. அதன் கண்களுக்கு நேரே ஐந்து விரல் எலும்புகள். சின்னக் கை. அதன்மேல் குறுக்காக, இன்னும் ஐந்து. பெரிய கை.

இருபத்தைந்து தாளிலும் அதே.

அவள் தன் வலது கையைத் தூக்கி, சின்ன எலும்புகளின் மேல் வைத்துப் பார்த்தாள். கணு கணுவாகப் பொருந்தியது.

புகைப்படக்காரரின் கோபம் எங்கோ போய்விட்டது. அவர் பெரிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு தெரிந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் நீளமாக இரண்டு எலும்பு. முழங்கைவரை எல்லாம் தெளிவாகப் பதிந்திருந்தது.

தாளில் அதற்கப்புறமும் நிறைய இடம் இருந்தது.

அங்கே யாரும் இல்லை.