எட்டு வீட்டுக்கு ஒரு ப்ரவுசர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீடு மாறினேன்.

பதற வேண்டாம். மயிலாப்பூரில் அதே இரண்டாவது மாடிதான், அதே ஒழுகும் சமையலறைக் குழாய்தான். மாறியது லேப்டாப்புக்குள்ளே. பன்னிரண்டு வருடங்களாகக் குடியிருந்த ப்ரவுசரைக் காலி செய்துவிட்டு இன்னொரு ப்ரவுசருக்குப் போனேன்.

பழசுக்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால், சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் பாதிப் பக்கம் வரும். எனக்கும் அதே வியாதிதான் என்று மாலதி சொல்கிறாள். மாலதி என் மனைவி. கட்டிய நாளாகச் சொல்லி வருகிறாள். என்னை மாற்றுவது கஷ்டம், ப்ரவுசரை மாற்றுவது சுலபம் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது. ஆனால் லேப்டாப்பும் பிரிண்டரும் ஜோடியாக இருப்பது எங்கள் வீட்டில் மட்டும். விளைவு? நான் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறவன் என்று மற்ற ஏழு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை நான் பிரவுசிங் சென்டர்.

ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம், கரன்ட் பில்... யார் எதற்கு வந்தாலும் என் நாற்காலியில்தான் உட்கார்வார்கள். ‘பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று ப்ரவுசர் பவ்யமாகக் கேட்கும். வச்சுக்கச் சொல்லுங்க, நாம எங்க ஞாபகம் வச்சுக்கறது என்பார்கள். அதுவும் வைத்துக்கொண்டது. இப்படியாக எட்டு வீட்டுச் சாவியும் ஒரே ஆணியில் தொங்கின.

மாறுகிற வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று புது ப்ரவுசர் கேட்டது. சொன்னேன். புக்மார்க், பாஸ்வேர்டு, பழைய தேடல்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நிஜ வீடு மாறினால் ஒரு டிபன் கேரியர் மூடியாவது தொலையும்... இங்கே ஒன்றும் தொலையவில்லை.

அதோடு எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம். போனேனா?

புது ப்ரவுசரில் ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. அவரவர் பெயர், அவரவர் பொம்மை, அவரவர் பாஸ்வேர்டு. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த சீர்திருத்தவாதி விழித்துக்கொண்டான். எட்டு குடும்பம் ஒரே மூட்டையில் கிடப்பதாவது? பிரித்துவிடுவோம்.

பிரிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எது யாருடையது என்று எனக்கே தெரியாது. ‘sairam1962’க்கு இரண்டு வீட்டார் உரிமை கொண்டாடினார்கள். ‘blackbeauty007’ யார் என்று மாடி மாடியாக ஏறி இறங்கி விசாரித்தேன். கீழ் வீட்டுக் காமாட்சி மாமி. எழுபது வயது. அவர் முதன்முதலில் ஓட்டிய மொபெட்டின் பெயராம். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள், தன் ப்ரொஃபைலுக்கு நான் வைத்த பொம்மையை மாமி பார்த்துவிட்டார்.

“ஏன் சார், என்னைப் பூனைன்னு போட்டிருக்கேளே... மாத்துங்கோ. அந்த ராக்கெட் யாருக்கும் வேணாம்னா எனக்குக் குடுங்கோ.”

மாமிக்கு ராக்கெட் கொடுக்கப்பட்டது.

கடைசியில் பாஸ்வேர்டுப் பட்டியலில் ஒரே ஒரு மெயில் ஐடி மட்டும் மிஞ்சியது. ‘teakwood12x18’. யாருடையது? நான் எப்போதோ புத்தக அலமாரி தேடிய நாட்களில் ஏதோ மரக்கடை வெப்சைட்டுக்காகத் தொடங்கியது போலிருக்கிறது என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு, பட்டியலிலிருந்து டெலீட் அடித்தேன். அதே கையோடு பழைய ப்ரவுசரையும் அன்இன்ஸ்டால் செய்தேன். லேப்டாப் இளைத்துப் போனது போல் இருந்தது. அன்று சாயங்காலம் பீச்சில் எனக்கு நானே இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பஷீர் பாய்.

பாய் முதல் மாடியில் இருக்கிறார். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் போட்டோ ஃப்ரேம் கடை. அப்பா காலத்துக் கடை. மயிலாப்பூரின் பாதி பூஜை அறைகளில் இருக்கும் சாமிகளுக்குச் சட்டம் அடித்தவர் அவர்தான். எந்த முருகன் எத்தனை அங்குலம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். பட்டன் போன்காரர். மத்தியான வேளையில் கடையை விட்டு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

மூச்சு வாங்கியது. வியர்வை. ஆனால் முகம் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

“சார்... என் படம் செலக்ட் ஆயிருக்காம் சார்.”

என்ன படம் என்று எனக்குப் புரியவில்லை. மாலதிக்குப் புரிந்துவிட்டது. நான் திருச்சி போயிருந்த ஒரு நாள், பாய் ஒரு கேமராவோடு வந்திருக்கிறார். மருமகன் விட்டுப்போன பழைய கேமரா. அடையாறில் ஒரு புகைப்படக் கண்காட்சி, யார் வேண்டுமானாலும் ஒரு படம் அனுப்பலாம் என்று கடையில் யாரோ சொன்னார்களாம். மாலதிதான் அவருக்கு ஒரு மெயில் தொடங்கி, படத்தை அனுப்பிக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது கண்காட்சிக்காரர்களின் வெப்சைட்டில் பட்டியல் வந்துவிட்டது. ஃப்ரேம் வாங்க வந்த ஒருவர் பாயின் பெயரைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அடியில் ஒரு வரி இருந்ததையும் சொல்லியிருக்கிறார். மெயிலில் வந்திருக்கும் லிங்க்கைத் திறந்து, இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

“அதுக்கென்ன பாய், ரெண்டு நிமிஷம்” என்று உட்கார்ந்தேன். “மெயில் ஐடி என்ன?”

மாலதி சொன்னாள். “டீக்வுட் பன்னெண்டு பதினெட்டு.”

ஞாயிற்றுக்கிழமை நான் டெலீட் அடித்த அதே ‘மரக்கடை’.

பாயின் பெயரில் எதைக் கேட்டாலும் ஏற்கெனவே யாரோ வைத்திருக்கிறார்கள் என்று வந்ததாம். வாயில் வருகிற எதையாவது சொல்லுங்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். வேறென்ன வரும் அவர் வாயில்? அன்றைக்குப் பாதியில் விட்டு வந்த பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தேக்கு ஃப்ரேம்தான் வந்திருக்கிறது.

பாஸ்வேர்டு? மாலதிக்கு நினைவில்லை, அதுதான் ப்ரவுசர் வைத்துக்கொண்டதே. மீட்கலாம் என்றால், அதற்கான எண் பாயின் பழைய சிம். அது இதற்கு நடுவில் தொலைந்துபோய்விட்டது. கண்காட்சிக்காரர்களின் நம்பரை அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தோம். மறுபடி... யாரும் எடுக்கவில்லை.

மூன்றரை ஆகிவிட்டது. உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. நான்தான் அழித்தேன் பாய், உங்களுடையது என்று தெரியாமல் அழித்துவிட்டேன், பழைய ப்ரவுசரையும் கழற்றிப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை எனக்குக் காட்டினார்.

ஊரூர் குப்பம். கரையில் ஏற்றிய படகு. படகின் பக்கவாட்டில் ஆணி அடித்து ஒரு கைக்கண்ணாடி. அதன் முன்னால் நின்று ஒரு மீனவர் சவரம் செய்துகொள்கிறார். நமக்குத் தெரிவது அவர் முதுகுதான். கண்ணாடிக்குள்ளே நுரை பூசிய முகம்... முகத்துக்குப் பின்னால், அந்த நாலு அங்குலத்துக்குள், முழுக் கடல்.

இத்தனை வருடமாக மற்றவர்களின் படங்களுக்குச் சட்டம் அடித்த மனிதர். அவருடைய ஒரே ஒரு படம் ஒரு சுவரில் ஏறவிருந்தது. அதை இறக்கியவன் நான்.

பாய் கேமராவை அணைத்து வைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“பழைய ஃப்ரேமைக் கழட்டிட்டீங்க. சரி. படம் எங்க கீது?”

“படமா?”

“ஆமா சார். ஃப்ரேம் உளுத்துப்போச்சுன்னா கழட்டிக் கடாசறோம். அதுக்கோசரம் உள்ள இருக்கற படத்தையுமா கிழிச்சுப் போடுவாங்க? எங்கயாச்சும் ஓரமா சாத்தித்தான் வச்சிருப்பாங்க. நல்லாப் பாருங்க.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ப்ரவுசரை நீக்கும்போது, உள்ளே சேர்ந்திருப்பதையும் அழிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் அடித்தால்தான் எல்லாம் போகும். அடித்தேனா? வாழ்க்கையில் எந்தப் படிவத்தையும் கடைசி வரி வரை நான் படித்ததில்லை. அன்றைக்கு மட்டும் படித்திருப்பேனா என்ன?

பழைய ப்ரவுசரை மறுபடி இறக்கினேன். நீலக்கோடு ஊர்ந்தது. மாலதி மூன்று தம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள், ஒருவரும் தொடவில்லை. நாலே கால். நாலரை. கோடு வலது ஓரத்தைத் தொட்டது. திறந்தேன்.

ஒன்றும் போகவில்லை. எட்டு வீட்டு மூட்டையும் போட்டது போட்டபடி கிடந்தது. மெயிலுக்குப் பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை; நேரே உள்ளே விட்டது. இரண்டாவது வரியில் கண்காட்சிக்காரர்களின் கடிதம்.

உறுதி செய்யும் பக்கத்தில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. படத்தின் தலைப்பு?

இது என் துறை அல்லவா? ‘அலைவிளிம்பில் ஒரு சுயதரிசனம்’ என்றேன். பாய் மாலதியைப் பார்த்தார். மாலதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க பாய், என்ன பேர் வைக்கலாம்?”

“அவரு இன்னாம்மா பண்றாரு? ஷேவிங்.”

‘ஷேவிங்’ என்றே அடித்தாள். நாலு ஐம்பதுக்கு, உறுதியானது என்று பதில் வந்தது. பாய் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று ஓடினார்.

சீர்திருத்தவாதிகளைப் பற்றி அன்று எனக்கு ஒன்று புரிந்தது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்புகிறவன் முதலில் தூக்கிப் போடுவது, தனக்குப் புரியாததை. கடவுள் அதற்காகத்தான் அவனைச் சோம்பேறியாகவும் படைத்து, பாதி வேலையில் எழுந்து போக வைக்கிறார்.

கண்காட்சி போன சனிக்கிழமை தொடங்கியது. எங்கள் எட்டு வீடும் இரண்டு ஷேர் ஆட்டோவில் அடையாறு போய் இறங்கியது. ‘ஷேவிங்’ நடுச்சுவரில், நல்ல வெளிச்சத்தில் இருந்தது. ஃப்ரேம் பாயே அடித்தது. மாமி அதன் பக்கத்தில் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், இதை எடுத்தவர் எங்காத்து மாடி என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

படத்துக்கு முன்னால் கூட்டம். பாயைத்தான் காணவில்லை. தேடினால், கடைசிச் சுவரில், மற்றவர்களின் படங்களுக்கு மூக்கை ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தார். நீங்களும் கலைஞரா என்று ஒரு பெண்மணி அவரிடம் கேட்டார்.

“படம் எல்லாம் அருமையாக் கீதும்மா. ஃப்ரேம் மூலைதான் எதுலயும் சேரல. யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நான் சரி பண்ணித் தரேன்.”

அந்தப் பெண்மணி எடுத்தவர்களில் ஒருவர். செய்தி பரவிவிட்டது. இப்போது படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஃப்ரேம் கேட்டுப் பாய்க்கு மெயில் அனுப்புகிறார்கள். அவருக்காக நான் அமைத்த தனி ப்ரொஃபைலை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் மாலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறார், நான் அடிக்கிறேன்.

புது ப்ரவுசர் வேகமாகத்தான் இருக்கிறது... என் விரல்கள்தான் பழையவை.