கையில் ரொட்டி இருக்கும்வரை

விருதுநகர்க்காரிக்கு எண்ணெய் இருந்தால் போதும், குழம்பே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய் என் பொறுப்புதான். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் தட்டிய பூண்டு, கிள்ளிய மிளகாய் வற்றல், கறிவேப்பிலை போட்டு இறக்கி, சூடு தணிந்தபின் மிளகுத்தூளும் உப்பும் தூவவேண்டும். பேக்கரி ரொட்டியைத் துண்டு போட்டு, தட்டின் நடுவில் இந்த எண்ணெயை ஊற்றிக் கொடுத்தால், முதலில் மூக்கைச் சுளிக்கிறவர்தான் மறுபடி தட்டை நீட்டுவார்.

என் தங்கை மகளுக்குக் காது குத்திய அன்றும் தூக்குவாளி நிறையத் தாளிக்காத நல்லெண்ணெயோடு போயிருந்தேன். தங்கையை எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மொட்டையும் கிடா விருந்தும் கோயிலிலேயே முடிந்துவிட்டன. சாயங்காலம் நெருங்கிய சொந்தங்கள் மட்டும் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. டீயும் கடையிலிருந்து கேனில் வந்துவிடும். வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றாது என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ரொட்டியும் எண்ணெயும் நான் யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோனவை.

தங்கை கோயிலில் பாத்திரங்களை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்து, அடுப்படி புழுக்கமாக இருக்கிறதே என்று சின்ன கேஸ் அடுப்பைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குத் தூக்கிப்போனேன். அங்கே சுவரோரமாகச் சில மூட்டைகள் கிடந்தன, மேலே ஒரு பழைய போர்வை. உட்கார வாகாக இருந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் பூண்டு உரித்தேன். பிறகு அதன் பக்கத்திலேயே அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் எண்ணெயை ஊற்றினேன்.

எண்ணெய் காய்கிற நேரத்தில் தட்டுவதற்காகப் பூண்டைக் கையில் எடுத்தால், வெள்ளைப் பூண்டில் கறுப்பாக விரல் தடம். கரியாக இருக்கும் என்று மோந்து பார்த்தேன். கரி இல்லை, வெடிமருந்து. எனக்கு அந்த வாடை தப்பாது. பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்த அப்பாவின் சட்டையைத் துவைத்து வளர்ந்தவள் நான். போர்வையைத் தூக்கினேன். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து, உள்ளே கட்டுக் கட்டாகக் கருந்திரி இருந்தது. பட்டாசுக்கு வைக்கிற, மருந்து தோய்த்த திரி. அதை வீட்டில் வைக்கக்கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வைக்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

எண்ணெயில் லேசாகப் புகை கிளம்பிவிட்டது. அடுப்பை அணைக்கப் போனவள் பதற்றத்தில் குமிழைத் தப்பான பக்கம் திருகினேன். தீ குப்பென்று மேலே எழுந்தது. கண்ணை மூடினால் அந்த நீலத் தீ இன்றைக்கும் நிற்கிறது. எப்படியோ அணைத்து, சட்டியை முந்தானையால் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். பூண்டையும் மிளகாயையும் அங்கேயே அந்தச் சூட்டில் போட்டேன். கடுகு பொட்டலத்திலேயே கிடந்தது.

தங்கை வந்தாள். நான் விரல்களைக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போனது.

"சத்தம் போடாதக்கா. வாசல்ல அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. நாளக்கழிச்சு லோடு எடுத்துருவாக."

எல்லாரையும் கிளப்பிவிடு என்றேன். என்ன சொல்லிக் கிளப்புவது என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் பொழுது விடிவதற்குள் அவள் புருஷனைப் போலீஸ் கூட்டிப்போய்விடும். இத்தனை பேர் கண்ணெதிரே மூட்டையை வெளியே எடுக்கவும் வழியில்லை.

நாங்கள் முழித்துக்கொண்டு நிற்கும்போதே அவளுடைய பெரிய மாமனார் பின்பக்கம் வந்தார். காதில் பீடி. தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கொட்டகையை எட்டிப் பார்த்தார். தட்டில் ரொட்டியை வைத்து எண்ணெயை ஊற்றி அவர் கையில் திணித்தேன்.

"மாமா, இன்னும் யாரும் வாயில வைக்கல. உப்பு சரியா இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

இடது கையில் தட்டு, வலது கையில் ரொட்டி. பீடி காதிலேயே இருந்தது. பேசிக்கொண்டே அவரை வாசலுக்கு அழைத்து வந்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கையில் ரொட்டி இருக்கும்வரை யாரும் பீடி பற்றவைக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் நான் உட்காரவே இல்லை. தங்கை பின்வாசலை மறித்து நாற்காலி போட்டு, காது வலிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாசலில் ஆண்கள் நடுவிலேயே சுற்றி வந்தேன். எந்தக் கை சட்டைப் பைக்குப் போகிறதோ அந்தக் கையில் ரொட்டியை வைத்தேன். என்ன மதினி, தாளிக்க மறந்துட்டீகளா என்று ஒருவர் கிண்டல் செய்தார். இதுதான் புது முறை என்று சிரித்தேன். ரொட்டி தீர்ந்ததும் கடையில் பன் வாங்கி வரச் சொன்னேன். உபசரிப்பு என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. யாராவது இருமினால்கூடத் திடுக்கிட்டேன்.

கடைசி ஆளும் கிளம்பியபின் தங்கை புருஷனை வாயில் வந்தபடி ஏசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சீசன் நேரம் மதினி, ரெண்டு நாள்ல போயிரும் என்றார். அவரைக் கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிள்ளையை நான் கூட்டிப்போகிறேன் என்றேன். தங்கை தன் மகளை ஒரு ராத்திரிகூடப் பிரிந்திருக்கமாட்டாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு நாளைக்குத்தானக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் என் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்கப் பையைத் திறந்தேன். பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் இருந்தன. பொங்கலுக்கு எடுத்த பாவாடை இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பிள்ளை வளர்ந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய அளவில் வாங்கி வைத்திருந்த கவுனும் இருந்தது.