ஒன்பது ஐந்தாகத் தெரிந்த காலை

பொய் சொன்னேன். ஒரு மனிதனின் கண்களையே அவன் நம்பாதபடி செய்த பொய்!

இதை நீ படிக்கும்போது என்னை வெறுக்கலாம். வெறுத்துக்கொள். நான் களைத்துவிட்டேன்... எதையும் அழகுபடுத்திச் சொல்ல இனி எனக்குத் தெம்பில்லை.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கருவித் தொழிற்சாலையில் நான் இளம் இன்ஜினியர். நல்லேப்பிள்ளியிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்வருவேன். எல்.இ.டி. என்னும் சிவப்பு விளக்குப் பொட்டுகள் அப்போது எங்களுக்கு அதிசயம். அவற்றைக்கொண்டு சூட்டை எண்ணால் காட்டும் பெட்டி ஒன்றை நான் வடிவமைத்தேன். இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை கேட்டிருந்தது. இலையை உலர்த்தும் எந்திரத்தில் எத்தனை டிகிரிச் சூடு என்று அது காட்டவேண்டும்.

ஒவ்வோர் எண்ணும் ஏழு சிவப்புக் கோடுகளால் ஆனது. கோட்டுக்குள் ஓடும் மின்னோட்டம் அளவோடு இருக்கவேண்டும். கூடினால் கோடு சூடாகும், சூடானால் இன்னும் இழுக்கும், ஒருநாள் அவிந்துபோகும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் வைத்து மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்திப் பிடிக்கவேண்டும். இது எனக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும்!

எங்கள் பிரிவின் தலைவர் கொழிஞ்சாம்பாறைக்காரர். என் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏந்தம்பி, இத்தன சாமானும் இந்தப் பெட்டிக்குள்ள அடங்குமா?"

"பாதிச் சாமான்லயே முடிச்சுக் காட்டறனுங்க" என்றேன். பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன்.

சொன்னபடி செய்தேன். டிரான்சிஸ்டர்களை எடுத்துவிட்டு ஏழு கோடுகளுக்கும் பொதுவாக, மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டேன். ஏழு வயலுக்கு ஒரே மடை! தணிந்த வயல் தண்ணீரை இழுத்துக்கொள்ளாதா?

இழுத்துக்கொண்டது. சோதனையில், பத்துகளைக் காட்டும் இடதுபக்க எண்ணின் வலப்புற மேல்கோடு மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று எரிந்தது. பார்த்தேன். அது சீக்கிரம் சாகும் என்று அந்தக் கணமே புரிந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியின் முகப்பில் கொஞ்சம் கருத்த சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினேன். வித்தியாசம் தெரியாமல் போயிற்று. தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பெட்டி மலையேறியது. உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் சுடலைமுத்து. பொருத்தப் போனபோது அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "இனிமே பாதரசக் குழாய் வேண்டாமுங்க. இந்த எண்ணப் பாத்தாப் போதும். தொண்ணூறுக்கு மேல போகாமப் பாத்துக்கங்க." பழைய குழாயைக் கழற்றி வாங்கிக்கொண்டதும் நானே.

சில மாதங்கள் கழித்துச் செய்தி வந்தது. காலை ஷிப்டில் சூடு எல்லை மீறி, தட்டுகளில் இருந்த தேயிலை தீப்பற்றிவிட்டதாம். எரியும் தட்டுகளை இழுத்துப் போட்டதில் சுடலைமுத்துவின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. கருவியைச் சோதிக்க என்னை அனுப்பினார்கள்.

பெட்டியை நான் தனியாகத் திறந்தேன். வலப்புற மேல்கோடு செத்துக் கிடந்தது.

அந்தக் கோடு இல்லாவிட்டால் எட்டு, ஆறாகத் தெரியும். ஒன்பது, ஐந்தாகத் தெரியும். எண்பதிலிருந்து தொண்ணூறுக்குச் சூடு ஏறியபோது, அந்த மனிதரின் கண்ணுக்கு அது அறுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியிருக்கிறது! இறங்குகிறதே என்று உலையில் விறகைத் திணித்திருக்கிறார். நானும் அதைத்தானே செய்திருப்பேன்... நீயும் அதைத்தானே செய்திருப்பாய்?

எண்கள் பொருத்திய மாற்றுச் சர்க்யூட் பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதைப் பொருத்தினேன். பழையதைப் பைக்குள் போட்டேன். ஒவ்வொரு திருகாணியையும் நிதானமாக முடுக்கினேன். அதுதான் இன்றுவரை எனக்கு அருவருப்பு.

விசாரணையில் இரண்டு கைகளிலும் மருந்துக் கட்டுகளோடு நின்றார் சுடலைமுத்து.

"அம்பதுன்னுதான்யா காட்டுச்சு. சூடு இறங்குதேன்னுதான் விறகு போட்டேன். நான் தூங்கலய்யா... நீங்களாவது சொல்லுங்கய்யா!"

தேயிலைத் தொழிற்சாலை மானேஜர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியை இயக்கிக் காட்டினேன். எல்லாக் கோடுகளும் எரிந்தன.

"கருவியில் பழுது ஒன்றுமில்லை" என்றேன்.

ஒரே ஒரு வாக்கியம். தூங்கிவிட்டான் என்று முடிவெழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எஸ்டேட் லயத்தில் இருந்த வீடும் போயிற்று. மனைவி பேச்சியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்கு, மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அடுத்து வந்த பெட்டிகளில் கோட்டுக்கொரு டிரான்சிஸ்டர் வைத்தேன். கேட்டவர்களிடம் முன்னேற்றம் என்றேன். பதவி உயர்வும் கிடைத்தது.

சில வருடங்கள் சென்றபின், இனி முடியாது என்று ஒருநாள் கிளம்பினேன். கம்பம்மெட்டு வரை பஸ், அங்கிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு ஜீப்பில் கீழே கம்பம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சொல்லிவிடத்தான் போனேன். நம்பு!

சுடலைமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இடது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன.

"வாங்கய்யா! எங்களத் தேடியா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"மொதல்ல நான் தூங்கலன்னுதான்யா சாதிச்சேன். யோசிக்க யோசிக்க எனக்கே நம்பிக்க போச்சு. கண்ணசந்துருப்பேன், கனாவுல எதையோ பாத்துருப்பேன். படிச்சவுக நீங்க சோதிச்சுப் பாத்தீகளே... ஒங்க மேல எனக்கு வருத்தமே இல்லய்யா."

பேச்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அடுப்புல பால் வச்சாக்கூட, நீயே நின்னு பாத்துக்க, எனக்குக் கவனம் பத்தாதுங்காருய்யா. பிள்ளையத் தனியாக் கூட்டிட்டு ரோட்டுக்குப் போக மாட்டேங்காரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தப்பு செய்தவன் சிரிக்கும் சிரிப்பு! என் முகத்தில் இருக்கவேண்டிய சிரிப்பு... அது அவர் முகத்தில்!

இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு இடித்தது. அவருடைய கண்கள் பொய் சொல்லவில்லை என்ற ஒரே ஒரு செய்தி. அதைக் கேட்டால் அந்த மனிதர் நிமிர்ந்திருப்பார். அவருக்காக அதைச் சொல்லவேண்டியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"காப்பி நல்லாயிருக்குதுங்க" என்றேன்.

எழுந்து வந்துவிட்டேன்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். உன்னிடம் இத்தனையும் எழுதிவிட்ட பிறகும்... நான் போகவில்லை.