உடைய மறுத்த ஏரிக்கரை

விழுப்புரம், திண்டிவனம் தியேட்டர்களுக்கு விளம்பர ஸ்லைடு எழுதியதுதான் எங்கள் கம்பெனியின் தொடக்கம். கம்பெனி என்றால் நானும் என் கணவரும், திண்டிவனத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும். ‘புகை பிடிக்காதீர்’, நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் கண்ணாடியில் என் கையால் எழுதியவை. எண்பதுகளின் நடுவில் இரண்டு படங்களுக்கு டைட்டில் செய்தோம். பெயர்களுக்குப் பின்னால் நாங்கள் வரவழைத்த புகையைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். ஏரி உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுவதைச் சின்ன அளவில் செய்து படமாக்க வேண்டும். சரியாக வந்தால் இதுபோன்ற வேலைகள் தொடர்ந்து எங்களுக்கே. வராவிட்டால் சென்னையில் வேறு ஆளைப் பார்ப்பார்கள். நாங்கள் நகைக்கடை ஸ்லைடுக்கே திரும்ப வேண்டியதுதான்.

விழுப்புரம் சாலையில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த ஒரு நிலம் கிடைத்தது. துடைப்பக் குச்சியில் தென்னை மரங்கள், அட்டையில் கூரை வீடுகள் செய்தேன். பெரியவற்றை முன்னாலும் சிறியவற்றைப் பின்னாலும் வைத்தேன். அப்போதுதான் ஊர் தொலைவு வரை நீண்டு தெரியும். ஏரிக்கு இடுப்பளவு மண்கரை போட, மல்லாட்டை பிடுங்கிய பெண்களையே அழைத்தோம். தண்ணீர் கசியக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

படப்பிடிப்பன்று மேனேஜர் கேமராமேனோடு வந்தார். மோட்டார் போட்டு ஏரியை நிரப்பினோம். கரையின் நடுவில் செருகியிருந்த பலகையை உருவினால், அந்த ஓட்டை அரித்துப் பெரிதாகிக் கரை சரிய வேண்டும். கேமரா ஓடியது. என் கணவர் பலகையை உருவினார். தண்ணீர் மதகில் வருவதுபோல் அளவாக வந்தது. கரை அசையவே இல்லை.

“ஏரி ஒடையுதா, இல்ல வயலுக்குத் தண்ணி பாயுதா?” என்றார் கேமராமேன்.

கரை போட்டவர்களில் மூத்த பெண்ணைப் பார்த்தேன். “என்னக்கா, இவ்ளோ கெட்டியா போட்டுட்டீங்க?”

“நீதானேம்மா கசியக்கூடாதுன்ன? நாலு பேரும் மிதிச்சிக்கினே கெடந்தோம். ஒடைக்கத்தான்னு சொல்லியிருந்தா எங்க வூட்டுக்காரர வுட்டுப் போடச் சொல்லியிருப்பேன்.”

மற்ற பெண்கள் சிரித்து ஓய நேரமாயிற்று. மேனேஜர் சிரிக்கவில்லை. “பேஜாராப் போச்சும்மா. கெளம்பலாம். மெட்ராஸ்ல பாத்துக்கறோம்.”

நான் கேமராமேனிடம் போனேன். “பிலிம் இருக்கா சார்?”

“இன்னொரு ஷாட்டுக்கு இருக்கு. வெயில்தான் எறங்கிக்கினே போவுது.”

பிலிமை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டினால்தான் சின்ன அலை பெரிய அலையாகத் தெரியும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

“கரைய மறுபடி போட நேரம் ஏது?” என்றார் என் கணவர்.

“மறுபடி போட வேணாங்க. நடுவுல மட்டும் வெட்டுவோம். சார், நீங்க கேமராவ எடுக்காதீங்க.”

பலகையைத் திரும்பச் செருகி மோட்டாரைப் போட்டோம். பலகைக்கு முன்னால், ஊரைப் பார்த்த பக்கத்துக் கரை மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, மணலையும் உமிச் சாம்பலையும் கலந்து கொட்டினோம். மேலே புல்லை ஒட்டினோம். அந்த அக்கா பழக்க தோஷத்தில் காலைத் தூக்கிவிட்டார்.

“மிதிக்காதீங்க!” என்று கத்தினேன்.

“அய்ய, மறந்துட்டேம்மா” என்று ஒற்றைக் காலில் நின்றபடியே பின்னால் போனார்.

பனைமரங்களின் தலைக்குமேல் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. என் கணவர் பலகையை உருவினார். முதலில் ஈரம் மட்டும் படர்ந்தது. பிறகு புல் நழுவியது. அடுத்த கணம் நடுக்கரை அப்படியே உட்கார்ந்தது. தண்ணீர் மண்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. வீடுகள் சுழன்று ஒன்றோடொன்று மோதின. வெள்ளம் மேனேஜரின் ஷூவை நனைத்தது. அவர் நகரவில்லை.

“ஓகே” என்றார் கேமராமேன்.

மேனேஜர் ஒரு ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார். “ரயில் கவுர்ற மாதிரி ஒண்ணு இருக்கு. ஒங்களால முடியுமாம்மா?”

“முடியும் சார்.”

என் கணவர் சேற்றிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எங்களிடம் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிதக்கும் வீடுகளில் நசுங்காதவற்றைப் பொறுக்க ஆரம்பித்தேன். ரயில் கவிழும் இடத்திலும் ஓர் ஊர் இருக்க வேண்டுமே.